பட்டாசுக்கு இரண்டு வாரம், காருக்கு நான்கு வருஷம்: சிவகாசியில் நின்று பார்த்தால் தெரியும் கணக்கு

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகாசி - சாத்தூர் ரோட்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மதுரை வண்டி, கோவை வண்டி, பெங்களூரு வண்டி, கேரள வண்டி என்று வரிசை கட்டி நிற்கும். பாதிக்கு மேல் எஸ்யூவி. '80 சதவீதத் தள்ளுபடி' பேனருக்குக் கீழே டிக்கியைத் திறந்து வைத்துவிட்டு, கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம், ஃபேன்சி ரகம் என்று அட்டைப்பெட்டிகளை அடுக்குவார்கள். பின்சீட்டில் குழந்தை, அதற்குப் பின்னால் பத்தாயிரம் ரூபாய் வெடி. அப்படி ஏற்றிக்கொண்டு போகலாமா என்பது வேறு கதை.

அந்த டிக்கிக்குள் இரண்டு தொழில்கள் ஒன்றாக நிற்கின்றன. ஒன்று, இந்தியாவின் பெருமை என்று மேடைக்கு மேடை சொல்லப்படும் கார் தொழில். இன்னொன்று, வருஷா வருஷம் அக்டோபர் வந்தாலே கோர்ட் வாசலில் கைகட்டி நிற்கும் பட்டாசுத் தொழில். இரண்டுமே எரித்துத்தான் ஓடுகின்றன. இரண்டுமே புகை விடுகின்றன. பட்டாசு ஆலைக்கு லைசென்ஸ் கொடுக்கும் மத்திய அமைப்புதான் பெட்ரோல் பங்குக்கும் லைசென்ஸ் கொடுக்கிறது: நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. சிவகாசிக்காரர்கள் 'நாக்பூர் லைசென்ஸ்' என்று சொல்வது இவர்கள் கொடுப்பதைத்தான்.

ஆனால், இரண்டு தொழிலையும் நாடு ஒரே மாதிரி நடத்தியதா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது சிவகாசி ஆலை அதிபர் யாரும் இல்லை. உச்ச நீதிமன்றமே கேட்டது. 2019 மார்ச் 12-ம் தேதி, நீதிபதிகள் எஸ்.ஏ.பாப்டே, எஸ்.அப்துல் நசீர் அமர்வு பட்டாசு வழக்கை விசாரித்தபோது, பட்டாசால் வரும் மாசையும் வாகனங்களால் வரும் மாசையும் ஒப்பிட்டு ஏதாவது ஆய்வு உண்டா என்று மத்திய அரசிடம் கேட்டது. வாகனங்கள்தான் பெரிய காரணமாக இருக்கக்கூடும் எனும்போது ஏன் எல்லோரும் பட்டாசின் பின்னாலேயே ஓடுகிறீர்கள் என்றும், வேலையில்லாமையை உருவாக்க நாங்கள் விரும்பவில்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். சிவகாசியில் அன்றைக்கு அந்தச் செய்தி தீபாவளி போனஸ் மாதிரி பரவியது. வழக்கு என்னவோ அதே தண்டவாளத்தில்தான் தொடர்ந்து ஓடியது.

அடுத்தடுத்த இரண்டு நாட்கள்

2018 அக்டோபர் 23. உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் முக்கியமான தீர்ப்பைத் தந்தது. மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களின் பெற்றோர் 2015-ல் தொடுத்த வழக்கு அது. முழுத் தடை இல்லை, ஆனால் இனி பசுமைப் பட்டாசு மட்டுமே, பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, ஆன்லைன் விற்பனை கூடாது, வெடிப்பதும் இரவு 8 முதல் 10 வரைதான். அந்த வருடம் தீபாவளி நவம்பர் 6. அதாவது இரண்டே வாரம். பசுமைப் பட்டாசு என்ற பொருளோ கடையில் இல்லை. மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வுக்கூடங்களில் அது அப்போது வேலை நடந்துகொண்டிருந்த ஒரு யோசனை. அதை அரசு முறைப்படி வெளியிட்டதே 2019 அக்டோபர் 5-ல்தான். ஏற்கெனவே செய்து முடித்த சரக்குக்கு டெல்லிக்கு வெளியே அந்த ஒரு வருடம் விலக்கு கிடைத்தது. ஆனால் அடுத்த சீசனுக்கு என்ன மருந்து கலப்பது என்றே தெரியாமல் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன.

மறுநாள், அக்டோபர் 24. அதே உச்ச நீதிமன்றம், வேறு அமர்வு. 2020 மார்ச் 31-க்குப் பிறகு பிஎஸ்-4 வாகனங்களை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. கண்டிப்பான தீர்ப்புதான். ஆனால் தேதியைக் கவனியுங்கள். பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி நேராக பிஎஸ்-6 என்று மத்திய அரசு அறிவித்தது 2016 ஜனவரியில். 2020 ஏப்ரல் வரை நான்கு வருஷத்துக்கும் மேல் அவகாசம். அதற்குள் எண்ணெய் நிறுவனங்கள் சுத்திகரிப்பு ஆலைகளையே மாற்றி, எரிபொருளில் கந்தகத்தின் அளவை 50 பிபிஎம்-ல் இருந்து 10 பிபிஎம்-க்குக் குறைத்துக் கொடுத்தன. கார் கம்பெனிகளிடம் "நாளைக்கே மாற்று" என்று யாரும் சொல்லவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, அந்த அவகாசத்துக்குப் பலன் இருந்தது. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமில் இருந்து 80 ஆனது. புகைத்துகள் வரம்பு 25-ல் இருந்து 4.5 மில்லிகிராம் ஆனது. ஒரு தொழிலுக்கு நேரம், பணம், தொழில்நுட்பம் மூன்றையும் கொடுத்தால் என்ன செய்யும் என்பதற்கு இது நல்ல உதாரணம். பசுமைப் பட்டாசில் குறைவது சுமார் 30 சதவீதம் என்கிறது அரசு. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான்கு வருஷமும் ஒரு சுத்திகரிப்பு ஆலையும் கொடுத்திருந்தால் அது எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை.

கார் கம்பெனிகள் சொன்னபடி கேட்டார்களா?

இதில்தான் எனக்குக் கோபம். அவ்வளவு அவகாசம் கொடுத்தும் ஒவ்வொரு முறையும் கடைசி நாளில் வந்து "சரக்கு தேங்கிவிட்டது" என்று நின்றவர்கள் இவர்கள்.

2017-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-4 என்பது முன்பே தெரிந்த விஷயம். பெரிய நகரங்களில் 2010-ல் இருந்தே அதுதான் விதி. ஆனால் மார்ச் மாதக் கடைசியில் 8 லட்சத்து 24 ஆயிரம் பிஎஸ்-3 வண்டிகள் விற்காமல் நின்றன. அதில் 6.7 லட்சம் டூவீலர், ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக லாரி, பஸ் வகை. "தயாரிக்கக்கூடாது என்றுதானே விதி, விற்கக்கூடாது என்று எங்கே இருக்கிறது?" என்பது அவர்கள் வாதம். மார்ச் 29-ல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்து, கம்பெனிகளின் வியாபாரத்தைவிட மக்களின் உடல்நலமே பெரிது என்றது. அடுத்த இரண்டு நாள் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பைக்குக்கு 22 ஆயிரம் ரூபாய் வரை தள்ளுபடி. ஷோரூம் வாசலில் ரேஷன் கடைக் கூட்டம். புகை அதிகம் விடும் அந்த வண்டிகள் எல்லாம் ரோட்டுக்குத்தான் வந்தன. 'தள்ளுபடி' என்ற வார்த்தையைக் கேட்டாலே சிவகாசியைக் கிண்டல் செய்பவர்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை என்று சொல்ல முடியுமா?

2020-ல் திரும்பவும் அதே நாடகம். இந்த முறை ஊரடங்கு என்ற நியாயமான காரணம் இருந்தது. மிச்சம் இருந்த பிஎஸ்-4 வண்டிகளில் 10 சதவீதத்தை, ஊரடங்கு முடிந்து பத்து நாளுக்குள் விற்றுக்கொள்ள நீதிமன்றம் அனுமதித்தது. அனுமதித்ததைவிட மடங்குக் கணக்கில் விற்றிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஜூலை 8-ம் தேதி அந்த உத்தரவையே திரும்பப் பெற்றது.

இதைவிட சுவாரஸ்யமானது 2015 டிசம்பர் கதை. டெல்லி வட்டாரத்தில் 2,000 சிசி-க்கு மேற்பட்ட டீசல் கார்களைப் பதிவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரே மாதத்தில், 2016 ஜனவரியில், மஹிந்திரா நிறுவனம் ஸ்கார்ப்பியோவுக்கும் எக்ஸ்யூவி 500-க்கும் 1.99 லிட்டர் இன்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தியது. சட்டப்படி குற்றம் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்று பிசினஸ் பக்கங்களில் பாராட்டினார்கள். சரவெடியைத் தடை செய்தபோது யாராவது சிவகாசியில் திரியை இரண்டு அங்குலம் தள்ளிக் கட்டி "இது சரவெடி இல்லை" என்று சொல்லியிருந்தால் என்ன பேர் வைத்திருப்பார்கள்? அந்த டீசல் தடையும் எட்டு மாதத்தில், 2016 ஆகஸ்ட் 12-ல், காரின் விலையில் ஒரு சதவீதம் பசுமை வரி கட்டினால் போதும் என்று நீங்கிவிட்டது. காசு கட்டிப் புகை விடலாம். பேரியத்துக்கு இப்படி ஒரு சதவீத வழி யாரும் காட்டவில்லை.

ஃபோக்ஸ்வேகனை மறக்க முடியாது. 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டார்கள். புகைப் பரிசோதனை நடக்கும்போது மட்டும் ஒழுக்கமாக நடந்துகொள்ளும் மென்பொருளை டீசல் கார்களுக்குள் வைத்திருந்தார்கள். இங்கே புனேவில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது, நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைவிட 1.1 மடங்கில் இருந்து 2.6 மடங்கு வரை வந்தது. சுமார் 3 லட்சத்து 23 ஆயிரம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. ஆனால் இந்திய விதி எதையும் தாங்கள் மீறவில்லை என்பதே அதன் நிலைப்பாடு. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேதி 2019 மார்ச் 7. பட்டாசை ஏன் துரத்துகிறீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்பதற்கு ஐந்து நாள் முன்பு! அதே வருடம் மே மாதம் அந்த அபராதத்துக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. ஒரு ஷோரூமும் மூடவில்லை.

அப்போ சிவகாசி சுத்தமா?

இல்லை. இங்கே நின்று எழுதுவதால் இதைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது.

பேரியம் தடைக்குப் பிறகும் சில ஆலைகள் அதையே பயன்படுத்தியதாக சி.பி.ஐ. விசாரணையில் தெரியவந்தது. 2021-ல் ஆறு தயாரிப்பாளர்களிடம் உச்ச நீதிமன்றம் விளக்கம் கேட்டது. பெட்டிமேல் பசுமை முத்திரை, உள்ளே பழைய மருந்து. ஃபோக்ஸ்வேகன் மென்பொருளில் செய்ததை இவர்கள் லேபிளில் செய்தார்கள். அளவு வேறு, புத்தி ஒன்றுதான். தீபாவளி இரவில் டெல்லி மாதிரி காற்று நகராத ஊரில் துகள் அளவு பல மடங்கு எகிறுவதும் உண்மை. "ஒரு நாள்தானே" என்பது ஆஸ்துமா இருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களிடம் செல்லாது.

இன்னும் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம். 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையம். 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டி. விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு இவை ஊர்ப் பெயர்கள் மட்டும் இல்லை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்ற இடத்தில் பத்துப் பேரை உட்கார வைப்பது, லைசென்ஸ் வாங்கியவர் ஆலையை அறை அறையாக உள்வாடகைக்கு விடுவது, சீசன் நெருக்கத்தில் மரத்தடியில் மருந்து செலுத்துவது, இவை எல்லாம் ஒவ்வொரு விசாரணை அறிக்கையிலும் திரும்பத் திரும்ப வரும் வாசகங்கள். புகையைப் பற்றி டெல்லி பேசிய அளவில் நூறில் ஒரு பங்காவது இந்த அறைகளைப் பற்றிப் பேசியிருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கிறேன். பசுமைப் பட்டாசு தீர்ப்பு, வெடிப்பவரின் நுரையீரலைப் பற்றியது. செய்பவரின் உடம்பைப் பற்றி அதில் பெரிதாக எதுவும் இல்லை.

காற்றின் கணக்கு என்ன சொல்கிறது?

டெல்லி காற்றை ஐஐடி கான்பூர் ஆராய்ந்து 2016-ல் வெளியான அறிக்கையில், நுண்துகளில் வாகனப் புகையின் பங்கு சுமார் 20 சதவீதம். ரோட்டுத் தூசி 38 சதவீதம். அந்தத் தூசியைக் கிளப்புவது எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல் டெரி, ஏ.ஆர்.ஏ.ஐ. இரண்டும் சேர்ந்து செய்த ஆய்வில் குளிர்காலத்தில் வாகனங்களின் பங்கு 28 சதவீதம் என்று வந்தது. இது ஒரு நாள் பங்கு இல்லை, சீசன் முழுக்க. பட்டாசு என்பது திடீர் காய்ச்சல் என்றால் வாகனம் என்பது சர்க்கரை நோய். காய்ச்சலுக்கு உடனே ஊசி போடுவோம். சர்க்கரைக்கு "அடுத்த மாசம் பாத்துக்கலாம் டாக்டர்" என்போம்.

காரணம் எளிது. 2024-25-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 43 லட்சம் கார், எஸ்யூவி, வேன்கள் விற்றன. அதில் பாதிக்கு மேல் எஸ்யூவி ரகம். தீர்ப்பு எழுதுபவர், செய்தி எழுதுபவர், இதைப் படிக்கும் நீங்கள், எல்லோருக்கும் ஒரு வண்டி இருக்கிறது, அல்லது இஎம்ஐ கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள். பட்டாசு ஆலை யாருக்கு இருக்கிறது? 2025 ஜூலையில் டெல்லியில் 10 வருஷத்தைத் தாண்டிய டீசல், 15 வருஷத்தைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கு பங்கில் எரிபொருள் கிடையாது என்றார்கள். சில நாட்களிலேயே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் அந்த வண்டிக்காரர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. நடுத்தர வர்க்கம் சத்தம் போட்டால் கேட்கிறது. திருத்தங்கலில் ஒரு பெண் திரி பின்னுவதை நிறுத்தினால் அதற்குச் சத்தமே இல்லை.

பணம் எந்தப் பக்கம் போனது?

கார்களைச் சோதிக்க, மானேசர், இந்தூர், சென்னை அருகே ஒரகடம் என்று பரிசோதனை மையங்கள் கட்ட மத்திய அரசு 'நாட்ரிப்' திட்டத்தைத் தொடங்கியது. 2016-ல் திருத்திய மதிப்பீடு 3,727 கோடி ரூபாய். 2019-ல் மின்வாகன மானியத்துக்கு 'ஃபேம்-2' என்று 10,000 கோடி. 2021 செப்டம்பரில் வாகனம், உதிரிபாகத் தொழிலுக்கு உற்பத்தி ஊக்கத்தொகையாக 25,938 கோடி. நான் இதைக் குறை சொல்லவில்லை. புது தொழில்நுட்பத்துக்கு மாறச் சொன்னால் அரசு கை கொடுக்க வேண்டும்.

சிவகாசிக்கு என்ன கிடைத்தது? நீரி நிறுவனத்தின் ஒரு மூலப்பொருள் பரிசோதனைக் கூடமும், பசுமைப் பட்டாசுக்கான ஃபார்முலாவும், பெட்டிமேல் ஒட்ட க்யூஆர் கோடும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் உள்ள ஒரு மாவட்டத்துக்கு! அதில் சின்ன ஆலைகளும் நிறைய. டி.ஆர்.ஓ. லைசென்ஸில் ஓடும் அவர்களுக்கு வேதியியல் பட்டதாரியை வேலைக்கு வைக்கக் கட்டுப்படியாகாது. நேரடியாகவும் மறைமுகமாகவும் எட்டு லட்சம் பேர் பிழைக்கிறார்கள் என்று தொழில்துறை சொல்லும் கணக்கைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், கைத்தொழில் ஒன்றுக்கு இது கஞ்சத்தனம்தான்.

ஒரு வேடிக்கை: 2025 செப்டம்பர் 22-ல் சின்ன கார்களின் ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பட்டாசு 2017-லேயே 28-ல் இருந்து 18-க்கு வந்துவிட்டது. இப்போது லட்சுமி வெடிக்கும் ஆல்டோவுக்கும் ஒரே வரி.

காருக்குள் ஒரு பட்டாசு

இந்த விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. உங்கள் காரின் ஸ்டீயரிங்குக்குள் இருப்பதும் கிட்டத்தட்ட சிவகாசி சரக்குதான். மோதல் நடந்ததும் சென்சார் மின்சாரத்தை அனுப்பும். ஒரு சின்ன பற்றவைப்பான் தீப்பொறி கொடுக்கும். உள்ளே அடைத்திருக்கும் மருந்து எரிந்து வாயுவாக மாறி, கண் இமைப்பதற்குள் ஏர்பேக்கை ஊதும். திரி, மருந்து, குழாய். ஆட்கள் வெள்ளைக் கோட்டும் கையுறையும் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஜப்பானின் டகாடா நிறுவனம் அந்த மருந்தில் மிச்சம் பிடிக்கப் பார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் விலை குறைந்த அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறியது. வெப்பமும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் அது சிதைந்து, எரிய வேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் எரியும். உலோகக் குடுவையே வெடித்து, காப்பாற்ற வேண்டிய ஏர்பேக் ஓட்டுநரின் கழுத்தில் இரும்புத் துண்டுகளைப் பாய்ச்சும். ஈரம் பட்ட மருந்து என்றால் சிவகாசியில் எந்த ஃபோர்மேனுக்கும் முகம் மாறும். டகாடாவின் சொந்த இன்ஜினீயர்களே எச்சரித்திருந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 6.7 கோடி ஏர்பேக் குடுவைகள் திரும்ப அழைக்கப்பட்டன. சோதனை முடிவுகளைத் திருத்தி கார் கம்பெனிகளிடம் கொடுத்ததை 2017 ஜனவரியில் ஒப்புக்கொண்டு, 100 கோடி டாலர் கட்ட டகாடா சம்மதித்தது. அதே வருடம் ஜூனில் திவால் ஆனது. அதற்கு முந்தைய வருடம் டெக்சாஸில் அதன் சரக்கை ஏற்றிச் சென்ற லாரி வெடித்து, வீட்டுக்குள் இருந்த ஒரு பெண் இறந்துபோனார். செய்தியைப் படித்தபோது ஏதோ சாத்தூர் பக்கம் நடந்த மாதிரி இருந்தது.

இந்தியாவில் ஹோண்டா உட்படப் பல நிறுவனங்கள் டகாடா ஏர்பேக் கொண்ட பழைய கார்களைத் தவணை தவணையாக அழைத்து மாற்றிக் கொடுத்தன. ஆனால் அப்போது அது அவர்களாகப் பார்த்துச் செய்தது. குறைபாடுள்ள வண்டியைத் திரும்ப அழைக்கும்படி அரசு உத்தரவிடலாம் என்ற சட்டம் 2019-ல் வந்து, விதிகள் 2021 ஏப்ரல் 1-ல்தான் அமலுக்கு வந்தன. அபராதம் அதிகபட்சம் ஒரு கோடி ரூபாய். ஒரு பெரிய எஸ்யூவியின் விலை. பட்டாசு ஆலை வெடித்தால் அன்று மாலையே கைது. அது சரிதான். அதே வேகம் ஏன் மற்ற இடத்தில் இல்லை என்பதுதான் கேள்வி. (நீங்கள் ஓட்டுவது பத்து வருஷத்துக்கு முந்தைய கார் என்றால், ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு அழைப்புக் கடிதம் வந்திருக்காது. மாற்றித் தருவது இலவசம்.)

ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற விதிக்கும் இதே கதிதான். 2022 ஜனவரியில் வரைவு வந்தது. அந்த அக்டோபரில் அமல் என்றார்கள். பிறகு 2023 அக்டோபர் என்றார்கள். 2023 செப்டம்பரில், கட்டாயம் இல்லை என்று அமைச்சர் நிதின் கட்கரியே சொன்னார். ஒரு ஏர்பேக் 800 ரூபாய்தானே, ஏன் இத்தனை விலை சொல்கிறீர்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டவரும் அவர்தான். சின்ன கார் வாங்குபவருக்கு விலை கட்டாது என்பது மாருதியின் வாதம். அதே மாருதி 2025-ல் ஆல்டோ கே10, வேகன் ஆர் வரை ஆறு ஏர்பேக்கைக் கொண்டுவந்துவிட்டது. டாடா ஐந்து நட்சத்திரம் காட்டி வாடிக்கையாளரை இழுக்க ஆரம்பித்த பிறகு கட்டாத விலை எப்படிக் கட்டியது? முடியாது என்று இந்தத் தொழில் சொல்லும்போது, 'இப்போது வேண்டாம்' என்று மொழிபெயர்த்துக்கொள்வது நல்லது.

2025-ல் நடந்த சண்டை 909 கிலோவைப் பற்றி. 2027 ஏப்ரலில் இருந்து வரவேண்டிய புதிய எரிபொருள் சிக்கன விதிகளுக்காக 2025 செப்டம்பரில் வந்த வரைவில், 909 கிலோவுக்குள் எடையுள்ள சின்ன பெட்ரோல் கார்களுக்குத் தனிச் சலுகை இருந்தது. மாருதி அதை ஆதரித்தது. டாடா, மஹிந்திரா உள்ளிட்டவர்கள் எதிர்த்தார்கள். யார் சொல்வது சரி? எனக்கு இரண்டு பக்கமும் முழு நம்பிக்கை இல்லை. எடை குறைந்த கார் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மை. ஒரே ஒரு கம்பெனியின் அலமாரிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்த எடை வரம்பு இருப்பதும் உண்மை. ஆனால் பாருங்கள், வரைவு வருகிறது, கருத்து கேட்கிறார்கள், கிராம் கணக்கில் பேரம் நடக்கிறது. விதி வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பே மேஜையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அறையில் சிவகாசிக்கு ஒரு ஸ்டூல்கூட இருந்ததில்லை.

தூத்துக்குடி வரை வந்துவிட்டது

2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்றார்கள். மறைமலை நகரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நஷ்டஈட்டுக்காகப் போராடினார்கள். நம்ம மாவட்டத்தில் இருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்து அங்கே போன பையன்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. பிறகு முதல்வர் அமெரிக்கா போய்ப் பேசினார். 2025 அக்டோபரில், 3,250 கோடியில் அதே ஆலையில் இன்ஜின் தயாரிக்க ஒப்பந்தம் ஆனது. விட்டுவிட்டுப் போன கம்பெனியையும் திரும்பக் கூப்பிடும் பொறுமை அரசுக்கு இருக்கிறது. அது நல்ல குணம். அதில் கொஞ்சம் இங்கேயும் செலவாகலாம்.

2025 ஆகஸ்ட் 4-ல் தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறந்தது. முதல் கட்டத்தில் வருடத்துக்கு 50,000 கார். கோவில்பட்டி, எட்டயபுரம், சாத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கிட்டத்திலேயே இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று இங்கே ஏற்கெனவே பேச்சு. பத்தாவது முடித்த பிள்ளை மருந்து அறைக்குப் போவதைவிட ஏசி ஆலைக்குள் போவதை எந்தத் தாய் வேண்டாம் என்பாள்? ஆனால் நாற்பது வயதைத் தாண்டி, இருபது வருஷமாகக் குழாய் சுற்றிய அந்தத் தாயை வின்ஃபாஸ்ட் எடுத்துக்கொள்ளாது. அவளுக்கு நான்கு வருஷ அவகாசமும், பயிற்சியும், ஊக்கத்தொகையும் எந்த வரைவிலும் எழுதப்படவில்லை.

2025 தீபாவளிக்கு டெல்லியில் அக்டோபர் 18 முதல் 21 வரை பசுமைப் பட்டாசுக்கு உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. உத்தரவு வந்தது 15-ம் தேதி. சிவகாசியில் இருந்து டெல்லிக்கு லாரி போய்ச் சேரவே மூன்று நாளுக்கு மேல் ஆகும்.